பிள்ளை மெத்தை

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமியார் போன் செய்தாள். நான் சின்னமனூரில் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு நாள்கூடச் செய்யாதவள் இன்றைக்குச் செய்தாள். நாத்தனார் ஜோதிக்குப் பெண் குழந்தை, பிறந்து ஒரு வாரமாம். ஆபரேஷன் செய்துதான் எடுத்திருக்கிறார்கள். போடியில் தாய்வீட்டில்தான் இனிச் சில மாதம் இருப்பாளாம். பஞ்சு இறங்கப் போகிற நேரத்தில் மெத்தைக் கடையையும் பார்த்து, பச்சை உடம்புக்காரியையும் பார்க்க ஆள் இல்லையாம். "நடந்தது நடந்துபோச்சு மதி. நான் எதையும் மனசுல வச்சுக்கல. கெளம்பி வா" என்றாள்.

அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம். பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவள் நான், பெரிய மனசு பண்ணுகிறவள் அவள்.

"போயிருடி. எத்தன நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இங்கயே இருப்ப" என்றாள் அம்மா. போகிறேன். ஆனால் ரசம் வைத்துக் கொடுக்கவும் துணி அலசிப் போடவும் போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

போடி வந்தாயிற்று. முன்னால் மெத்தைக் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே இலவம்பஞ்சு கொட்டி வைக்கிற கொட்டகை. எதுவும் மாறவில்லை. இவர் கடை வாசலில் நின்று "வந்துட்டியா" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜோதியை அந்த அறையிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். கொட்டகைப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறை. என் நிலவன் செத்த அறை. இந்த வீட்டில் வேறு அறையே இல்லாத மாதிரி.

அன்றைக்கு நடந்ததை ஒரே ஒரு தடவை இதில் எழுதிவிடுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமை. நிலவனுக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பால் கொடுத்தேன், தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைத்தேன், மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால் குப்புறக் கிடந்தான். மூக்கும் வாயும் பஞ்சுக்குள் புதைந்திருந்தன. தானாகக் குப்புற விழத் தெரியாத பிள்ளை. வீட்டில் இருந்தது நானும் மாமியாரும் மட்டும்தான். "நான் அந்த ரூம் பக்கமே போகல" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. படுத்துக்கொண்டே பால் கொடுத்தேனாம், அசந்துவிட்டேனாம், பிள்ளை மேல் சாய்ந்துவிட்டேனாம். தூங்கிக் கிடந்தவளுக்குத் தலை எப்படி ஈரமாயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இவரும் "அசந்துட்டியா மதி?" என்றுதான் கேட்டார். என்னைப் பெற்றவளும் அதையேதான் கேட்டாள். அவன் படுத்த மெத்தையையும் அவனோடு குழிக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

"நான்தான் திருப்பிப் போட்டேன்" என்று மாமியார் தன் வாயால் சொல்ல வேண்டும். இவர் முன்னால், ஜோதி முன்னால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன். அதுவரைக்கும் அவள் ஏவுகிற வேலையெல்லாம் செய்வேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைக்குக் கடையில் விற்கிற மெத்தை ஆகாது. புது இலவங்காய் உடைத்து, ஒரு விதைகூட இல்லாமல் பொறுக்கி, வீட்டுக்குப் பெரியவள் தன் கையாலேயே பஞ்சை அடைத்துத் தைக்க வேண்டும். அதுதான் பிள்ளை மெத்தை. இரண்டு பக்கமும் அணைக்க இரண்டு உருட்டுத் தலையணை. நடுவில் கையை வைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போகும். அதில்தான் இவர்களுக்குப் பெருமை. "மெத்தக்கார வீட்டுப் பிள்ள பாயிலயா படுக்கும்" என்று அவள் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வாள்.

இன்று ஜோதியின் குழந்தைக்கு அடைத்தாள். உறையின் வாயைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். இதே மாதிரி நிலவனுக்கும் பிடித்தேன், அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவள் திணிக்கத் திணிக்கப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அத்த. மூல தொங்குது" என்றேன்.

"ஆமா, நீ சொன்னதும்தான் பாக்குறேன்" என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்தாள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"மெத்த அழகாத்தான் இருக்கு, பிள்ளைக்கு வேணாம்மா" என்று ஜோதியிடம் சொன்னாள். "உன் பக்கத்துலயே, ஆனா தனியா, கெட்டியான விரிப்புல போடு. பகலோ ராத்திரியோ மல்லாக்கத்தான் போடணும். தலகாணி, இந்த உருட்டு, கனத்த போர்வ ஒண்ணும் வேணாம். மூஞ்சியில எதுவும் அமுங்கக் கூடாது. அமுங்குனா அதுக்குத் தள்ளிவிடத் தெரியாது."

மாமியார் சிரித்த முகமாக மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நர்சம்மா தெருமுனை திரும்பியதும் குழந்தையைத் தூக்கி மெத்தையில் குப்புறப் போட்டாள். "மல்லாக்கவே போட்டா பின்மண்ட தட்டையாயிரும். குப்புறப் போட்டாத்தான் வயிறு உப்பாது, அரண்டு முழிக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜோதி என்னைப் பார்த்தாள். "மதினி, நர்சம்மா அப்படிச் சொல்றாங்க, அம்மா இப்படிப் போடுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்கம்மா ரெண்டு பிள்ளைய வளத்து ஆளாக்குனவுங்க. ஒண்ணக்கூட வச்சுப் பாக்கத் தெரியாதவகிட்ட வந்து கேக்குறியே" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும். "எங்க அண்ணன் பொண்டாட்டிக்குப் பிள்ளையவிடத் தூக்கம் பெருசு" என்று தன் மாமியார் வீடு முழுக்கச் சொன்னவள்தானே. வெளியே வந்து துணி அலசினேன். வெகுநாளைக்குப் பிறகு இன்று நன்றாகப் பசித்தது.

பிப்ரவரி 26, புதன்

பூண்டுக் குழம்பு. ஜோதி மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றைக் கவனித்தேன். குழந்தையைக் குப்புறப் போடும்போது மாமியார் என்னைப் பார்க்கிறாள். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறாள். நர்சம்மா சொன்னது அவளுக்கு விளங்காமல் இல்லை. இந்தப் பிள்ளையை மல்லாக்கப் போட்டால், அந்தப் பிள்ளையையும் அப்படித்தான் விட்டிருக்க வேண்டும் என்று ஆகிவிடும். அதற்காகவே இவளைக் குப்புறப் போட்டாக வேண்டும். ஜென்மத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மத்தியானம் பாப்பாவின் கழுத்து மடிப்பில் பால் வழிந்திருந்தது. துடைப்பதற்காக உள்ளே போய்த் திருப்பிப் போட்டேன். காலையிலும் துடைக்கத்தான் போனேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இவர் தூக்குவாளியைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவோட சகஜமா இருக்க. எனக்கு நிம்மதியா இருக்கு மதி" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொண்ணு பெத்துக்கிட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார்.

"எதுல படுக்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. கடைச் சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளைப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. சாம்பார் ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நர்சம்மா இரண்டாவது தடவை வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதுமே மாமியார் ஓடிப்போய்க் குழந்தையைத் திருப்பி மல்லாக்கப் போட்டு, உருட்டுத் தலையணைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நீங்க சொன்னதுலருந்து மல்லாக்கத்தாம்மா போடுறோம்" என்றாள். கண்ணைச் சிமிட்டவில்லை. அதே முகம். புரட்டாசிச் சனிக்கிழமை வைத்திருந்த அதே முகம். ஜோதி அம்மாவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? பிள்ளையைக் கொன்றவள் பழி போடுகிறாள் என்பார்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

மார்ச் 15, சனி

போனில் இடம் இல்லை என்று காட்டியது. பழைய பாட்டுகளையெல்லாம் அழித்தேன். நிலவனின் படங்களில் கை வைக்கவில்லை.

மார்ச் 19, புதன்

காற்று அதிகம். கொட்டகையிலிருந்து பஞ்சு பறந்து சோற்றுப் பானையில்கூட விழுகிறது. மூன்று தடவை வீட்டைக் கூட்டினேன்.

பாப்பா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எல்லாக் குழந்தையும் பிடிக்கும். இதற்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது, ஜோதிக்கே தெரியாது.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜோதி குளிக்கப் போனாள். நான் பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். பாப்பா சிணுங்கியது. நினைத்தபடியே மாமியார் உள்ளே வந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தேன். குழந்தையைத் திருப்பிக் குப்புறப் போட்டாள். உருட்டுத் தலையணைகளை இரண்டு பக்கமும் இழுத்து அணைத்தாள். முதுகில் தட்டி "தூங்குத்தா" என்றாள். சிணுங்கல் அடங்கியதும் போய்விட்டாள். அவள் முகம், கை, எல்லாம் தெளிவாக விழுந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பாப்பா தலையை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்த்தது. புதுப் பஞ்சு, தலை போன பக்கமெல்லாம் அமுங்கியது. கால் உதைத்தது. கொட்டகையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு பறந்து வந்து ஜன்னல் கம்பியில் ஒட்டியது, காற்றடித்ததும் போனது. குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது. கால் உதைப்பது நின்றிருந்தது.

உடனே ஓடினேன். போன் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. தூக்கும்போது கை கால் தொங்கியது. உதடு ஊதா நிறம். முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன், வாயையும் மூக்கையும் சேர்த்து என் வாயை வைத்து ஊதினேன். நிலவனுக்கும் இப்படித்தான் ஊதினேன், அவன் வரவில்லை. இது வந்தது. இருமியது, பிறகு வீடே கேட்கும்படி வீறிட்டது. ஜோதி ஈரத்தலையோடு ஓடிவந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள், வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தால் பருப்பு அடியில் பிடித்துக் கரியாகியிருந்தது.

மார்ச் 28, வெள்ளி

டாக்டரம்மா கேட்டாள், குழந்தையை எப்படிப் படுக்க வைத்திருந்தீர்கள் என்று.

"மல்லாக்கத்தாங்க போட்டிருந்தோம்" என்றாள் மாமியார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "தாய்க்காரி குளிக்கப் போயிட்டா. இவதான் கடைசியா உள்ள போனவ. போன வருசம் இவ பிள்ளையும் இப்படித்தான் போச்சு. நான் வேறென்ன சொல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். இவரும் பார்த்தார். புரட்டாசியில் பார்த்த அதே பார்வை. எனக்கு அழுகை வரவில்லை. கொட்டகைப் பஞ்சுக்குள் கிடந்த போனை நேற்றே தேடி எடுத்துவிட்டேன், கண்ணாடி மட்டும் கீறியிருக்கிறது. பேசட்டும், இன்னும் பேசட்டும். எல்லோரும் வீட்டுக்கு வரட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். இவரைக் கடையைச் சாத்திவிட்டு வரச் சொன்னேன். ஜோதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அதக் கீழ வைங்க அத்த. முதல்ல இதப் பாருங்க" என்று போனை இவர் கையில் கொடுத்து ஓடவிட்டேன். மாமியார் அறையை விட்டு வெளியே போகிற இடத்தில் கையை நீட்டி நானே நிறுத்தினேன்.

"இதுல என்னடி இருக்கு? அழுதுச்சு, தட்டிக் குடுத்தேன்" என்றாள். மிளகாய் அவள் கையிலேயே இருந்தது.

"நிலவனையும் இப்படித்தான் தட்டிக் குடுத்தீங்களா?"

இவர் எழுந்து அவள் முன்னால் போய் நின்றார். "அம்மா" என்றார்.

"அழுதான்டா. இவ குளிச்சுக்கிட்டிருந்தா. திருப்பிப் போட்டுத் தட்டினேன், தூங்கிட்டான்னு நெனச்சேன். உங்க ரெண்டு பேரையும் அப்படித்தானடா வளத்தேன்."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னய அம்மான்னு கூப்பிட்டிருப்பியா?"

கேட்டுவிட்டேன். என் காதால் கேட்டுவிட்டேன். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இன்னும் அழு, தொண்டை வறள அழு என்றுதான் எனக்கு இருந்தது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. இவர் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு என் தல ஈரமா இருந்துச்சே, அதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அப்போது ஜோதி கையை நீட்டினாள். "போனக் குடுங்க மதினி."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். அவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். அம்மா வெளியே போகிற இடம் வந்தது, அவள் நிறுத்தவில்லை. போனுக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. ஜோதி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் விசில் கேட்டது. பிறகு படம் ஒரே குலுக்கலாகக் குலுங்கி, பஞ்சு மட்டும் தெரிந்தது.

"அம்மா போனதுக்கப்புறமும் படம் ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள்.

"பதட்டத்துல நிறுத்தல."

"கை ஆடக்கூட இல்லையே மதினி."

அவள் போனைத் தரையில் வைத்தாள். கத்தவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"நர்சம்மா வந்தன்னைக்கு உங்ககிட்டதான் கேட்டேன். எங்கம்மாவ நான் மன்னிக்கப் போறதில்ல. ஆனா அது போட்டா பிள்ள தூங்கும்னு நெனச்சுப் போட்டுச்சு. நீங்க என்னாகும்னு தெரிஞ்சுக்கிட்டே நின்னு பாத்திருக்கீங்க."

இவர் இப்போது நிமிர்ந்தார். மாமியாரும் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உடனே ஓடினேன் என்று சொன்னேன். ஊதி ஊதி உயிரைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். பாப்பாவுக்குப் பசி வந்துவிட்டது, ஜோதி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இவர் வீடு வீடாகப் போய் "என் பொண்டாட்டி தூங்கல, தப்பு எங்கம்மா பேர்லதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். சின்னமனூருக்கும் போன் செய்து சொன்னார். அம்மா என்னிடம் பேச வேண்டும் என்று அழுதாளாம். நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஜோதியின் வீட்டுக்காரர் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தாய்வீட்டில் இருக்க வேண்டிய மாதம் முடியவில்லை, தொட்டில் போடவில்லை, சீர் செய்யவில்லை. எதையும் கேட்காமல் கிளம்பினாள். பிள்ளை மெத்தையை எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவிலிருந்து ஒரு கோரைப்பாய் வாங்கிவரச் சொல்லி, அதைச் சுருட்டி எல்லாவற்றுக்கும் முதலில் வேனில் ஏற்றினாள்.

குழந்தையின் துணிகளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். பையை வாங்கிக்கொண்டாள். "வெயில் ஏறுறதுக்குள்ள போயிரணும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

வாசலில் ஒரு பக்கம் மாமியார் நின்றாள். "ஒரு தடவ குடு ஆத்தா. தூக்கிட்டுக் குடுத்துர்றேன்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். வெட்கங்கெட்டவள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பார்த்தால், இந்தப் பக்கம் நின்ற நானும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பாப்பா முழித்துக்கொண்டு வேன் இருந்த பக்கம் பார்த்தது.

ஜோதி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, ஒருத்தர் கையும் குழந்தை மேல் படாமல் தோளோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வேனில் ஏறினாள்.